பதினாலாம் நம்பர் கட்டில்

செவ்வாய்க்கிழமை சலூன் திறக்காது என்பது ஊரில் தாடி வைத்தவனுக்கும் தெரியும், வைக்காதவனுக்கும் தெரியும். கஸ்தூரிக்கும் தெரியும். தெரிந்துதான் வந்தாள். மற்ற நாளில் வந்தால் சலூன்காரர் நாகலிங்கத்தோடு நாலு வார்த்தை பேச முடியாது.

அவளோடு ஒரு மாணவியும் வந்திருந்தாள். பெயர் சுகிர்தா. நர்சிங் இரண்டாம் வருஷம். மறுநாள் காலையில் சுகிர்தாவின் அப்பா ஊரிலிருந்து வந்து அவளைப் பெட்டி படுக்கையோடு கூட்டிக்கொண்டு போகப்போகிறார். படிப்பு வேண்டாம் என்று அவளே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அப்பா வருவதற்குள் அவள் மனசை மாற்ற வேண்டும். எப்படி என்று தெரியாமல்தான் கஸ்தூரி அவளை இங்கே அழைத்து வந்திருந்தாள்.

கஸ்தூரி அந்த நர்சிங் கல்லூரியில் பதினெட்டு வருஷமாகப் பாடம் எடுக்கிறவள். உங்களுக்குப் பாடம் எடுத்தது யார் என்று யாராவது கேட்டால் அவள் எந்தப் பேராசிரியையின் பெயரையும் சொல்லமாட்டாள். “பதினாலாம் நம்பர் கட்டில்” என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள்.

அது இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தின சமாசாரம். ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. நீள நீளமான வார்டுகள். சுற்றிலும் வேப்பமரங்கள். ஜன்னல் எல்லாம் ஆள் உயரம். காற்றுதான் பாதி மருந்து என்று நம்பிய காலத்தில் கட்டியது. காலை ஆறரைக்கே ஸ்டெரிலைசரின் மூடி தடதடவென்று ஆட ஆரம்பிக்கும். உள்ளே கண்ணாடி சிரிஞ்சுகள் கொதித்துக்கொண்டிருக்கும். பதினொரு மணிக்கு அவித்த முட்டையும் பாலும் கொண்டுவரும் வண்டியின் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிடும். அந்தச் சத்தங்களை வைத்தே, அங்கே பயிற்சிக்கு வந்திருந்த கஸ்தூரி மணி சொல்வாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயசு. தலையில் கஞ்சி போட்ட தொப்பி, கையில் ஊசித் தட்டு. அவளைவிடப் பயந்த பெண் அன்று அந்த மாவட்டத்திலேயே கிடையாது.

பதினாலாம் நம்பர் மூலைக் கட்டில். அதில் நாகலிங்கம் படுத்திருந்தார். முப்பது வயசு இருக்கும். மாத்திரையைப் பாதியில் நிறுத்தி, நோய் திரும்பி வந்து, தினம் ஒரு ஊசி என்று மூன்று மாதத்துக்கு எழுதியிருந்தார்கள். இடுப்பில் போடுகிற ஊசி. ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது. முதல்முறை ஊசி போடப்போகிற மாணவியை வார்டு சிஸ்டர் வேறு எங்கும் அனுப்பமாட்டார். “பதினாலுக்குப் போ” என்பார்.

நாகலிங்கம் குப்புறப் படுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அங்கிருந்தே பாடம் நடக்கும்.

“நேத்து இடது பக்கம் சிஸ்டர். இன்னைக்கு வலது.”

“பஞ்சை இன்னும் கொஞ்சம் மேல வைங்க.”

“மூச்சை நான் விடணுமா, நீங்க விடணுமா? ரெண்டு பேருமே விடாம இருக்கோமே.”

அதனால்தான் மாணவிகள் எல்லாரும் அவரை வாத்தியார் என்றார்கள். பத்தொன்பது வயசுப் பெண்ணை முதன்முதலில் சிஸ்டர் என்று கூப்பிட்டதும் அவர்தான். அதுவரை அவளை எல்லாரும் ஏய் என்றும் இந்தா என்றும்தான் கூப்பிட்டார்கள்.

கஸ்தூரி ஊசி போட்டாள். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு செத்தேன் பிழைத்தேன் என்று நின்றாள். நாகலிங்கம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

“போட்டாச்சா சிஸ்டர்? தெரியவே இல்லையே.”

அன்றைக்கு அவள் சாப்பாட்டு ஹாலில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் நாகலிங்கமே வார்டு சிஸ்டரிடம், “நேத்து போட்ட அந்த சிஸ்டரையே அனுப்புங்க” என்று சொல்லியிருந்தார். இரண்டாம் நாள் அவள் கை கொஞ்சம் குறைவாக நடுங்கியது. ஒரு வாரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நர்ஸ் ஆனாள், பிறகு டியூட்டர் ஆனாள். புதுப் பிள்ளைகள் வரும் ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் இந்தக் கதையைத்தான் சொல்வாள். “கை சரியா இருந்தா பேஷண்ட்டுக்கு வலிக்காது. என் முதல் ஊசி என் பேஷண்ட்டுக்குத் தெரியவே இல்ல” என்று முடிப்பாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். வந்தால் என்ன? அவள் சம்பாதித்த பெருமைதானே என்று அவள் நினைத்திருந்தாள்.

போன வருஷம் கல்லூரிக்கு வி.ஆர். கண்ணாடிகள் வந்தன. அதற்காக நிர்வாகத்தோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டியவள் கஸ்தூரிதான். சாத்துக்குடியிலும் தலையணையிலும் குத்திப் பழகிவிட்டு நேரே மனுஷ உடம்புக்குப் போன காலம் தன்னோடு போகட்டும், இந்தப் பிள்ளைகளாவது யாரையும் நோகடிக்காமல் கற்றுக்கொள்ளட்டும் என்பது அவள் ஆசை. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் எதிரே ஒரு வார்டு தெரியும். கட்டிலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். நம் கையில் இருக்கும் கைப்பிடிதான் சிரிஞ்சு. இடமும் கோணமும் வேகமும் சரியாக இருந்தால் பெரியவரின் தலைக்கு ஒரு சாண் மேலே பச்சையாக மதிப்பெண் தோன்றும். தொண்ணூறைத் தாண்டினால் பெரியவர் வாய் திறந்து பேசுவார். அவர் என்ன பேச வேண்டும் என்று அதைச் செய்துகொடுத்தவர்கள் கேட்டபோது கஸ்தூரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. போட்டாச்சா சிஸ்டர், தெரியவே இல்லையே என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

சுகிர்தா அந்த வார்த்தையை நூற்று நாற்பது தடவை கேட்டவள். வகுப்பிலேயே அவள்தான் முதல்.

போன வியாழக்கிழமை அவள் முதன்முறையாக நிஜ வார்டில் நிஜக் கையில் ஊசி போட்டாள். முறுக்குச் சுட்டு விற்கிற ஒரு அம்மா. ஊசி உள்ளே போனதுதான் தாமதம், அந்த அம்மா ஐயோ என்று கையை உதறினார். ஊசி வெளியே வந்து மருந்து பாதி கையில் வழிந்தது. இது புதிதாகப் போடுகிற யாருக்கும் நடக்கக்கூடியதுதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் இதுவரை எந்த வார்டிலும் நடக்காதது. சுகிர்தா அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்கு ஒரு சாண் மேலே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மதிப்பெண் வரும் என்று காத்திருந்தாள்.

“கையை ரணமாக்கிட்டு அங்க என்னத்தைடி பார்க்குற?” என்று அந்த அம்மா கேட்டார். வார்டே சிரித்தது.

அன்று மாலை சுகிர்தா பெட்டி கட்ட ஆரம்பித்தாள். கஸ்தூரி ஹாஸ்டலுக்கே போய், தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, தன் முதல் ஊசிக் கதையை இன்னொரு தடவை சொன்னாள். அதோடு காரியம் கெட்டது.

“உங்களுக்கு முதல் தடவையே வலிக்காமப் போட வந்துச்சு மேடம். எனக்கு நூத்தி நாப்பது தடவைக்கு அப்புறமும் வரல. இது எனக்கு வராது” என்றாள் சுகிர்தா.

அவள் சொன்னதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கக் கஸ்தூரியால் முடியவில்லை.

இப்போது, கஸ்தூரி தட்டியதும், ஷட்டர் மேலே போனது. உள்ளே நாகலிங்கம் நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு வயசு. ஊருக்கெல்லாம் சாயம் பூசுகிறவர், தன் தலையை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தார். கஸ்தூரி வருஷத்துக்கு ஒரு முறை, மே மாதத்தில் செவிலியர் தினத்துக்கு மறுநாள், ஒரு பாக்கெட் மிட்டாயோடு அவரை வந்து பார்ப்பது வழக்கம். இது ஆவணி மாதம்.

“என்ன சிஸ்டர், வருஷம் அதுக்குள்ள திரும்பிருச்சா?”

“ஒரு கேள்வி இருக்கு வாத்தியாரே.”

“கேளுங்க. முதல்ல உக்காருங்க. சின்ன சிஸ்டர், நீங்களும் உக்காருங்க.”

சுகிர்தா நிமிர்ந்து பார்த்தாள். வியாழக்கிழமைக்குப் பிறகு அவளை யாரும் சிஸ்டர் என்று சொல்லவில்லை.

இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சலூன் சின்னதுதான். ஒரு சுழல்நாற்காலி. எதிரே சுவர் முழுக்க ஒரு கண்ணாடி. ஓரத்தில் ஒரு வாஷ்பேசின். நாகலிங்கம் துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டே கேட்டார். கஸ்தூரி எல்லாவற்றையும் சொன்னாள். முறுக்கு அம்மா கேட்ட கேள்வி வந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. சுகிர்தாவைப் பார்த்துவிட்டு அதை அடக்கிக்கொண்டார்.

“அந்தக் கண்ணாடியைக் கொண்டாந்தீங்களா?”

கஸ்தூரி பையிலிருந்து எடுத்தாள். நாகலிங்கம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல நான் எங்க படுக்கணும்?”

“படுக்க வேண்டாம் வாத்தியாரே. இதுல நீங்கதான் நர்ஸ்.”

“நானா?”

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு யோசனை யாருக்கும் வந்ததில்லை. அவருக்குக் குஷியாகிவிட்டது. மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். கண்ணாடியை மாட்டிவிட்டு, கைப்பிடியைக் கையில் கொடுத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொன்னாள் கஸ்தூரி. அவர் பார்ப்பதெல்லாம் அவள் போனிலும் தெரிந்தது.

நாகலிங்கம் சலூன் நடுவில் நின்று இல்லாத ஒருவரைக் குனிந்து பார்த்தார்.

“ஐயா, எந்த ஊரு?”

பதில் வரவில்லை.

“சாப்பிட்டீங்களா?”

அதற்கும் வரவில்லை. நாகலிங்கம் இடது கையை நீட்டி அந்தப் பெரியவரின் தலை இருக்கும் இடத்தில் வைத்தார். கை காற்றில் இறங்கியது. சட்டென்று இழுத்துக்கொண்டார். பிறகு ஊசியைப் போட்டார். எப்படியோ போட்டார். சிவப்பாக முப்பத்தொன்று என்று வந்தது.

நாகலிங்கம் காத்திருந்தார்.

“என்ன சிஸ்டர், வாயே திறக்கமாட்டேங்கறாரு?”

“நீங்க வாங்கினது முப்பத்தொண்ணு வாத்தியாரே. தொண்ணூறுக்கு மேல போனாத்தான் பேசுவார்.”

“என்ன பேசுவாரு?”

கஸ்தூரி சொன்னாள். சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவரைக் கேட்காமல் எழுதிக் கொடுத்தது இப்போதுதான் உறைத்தது.

நாகலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

“அது நான் சொல்றதாச்சே.”

“உங்களோடதுதான்.”

“நல்லாப் போட்டா சொல்லுவாரா?”

“ஆமா.”

“மோசமாப் போட்டா?”

“ஒண்ணும் சொல்லமாட்டார்.”

“மோசமாப் போட்டாத்தானே சிஸ்டர் சொல்லணும்.”

கஸ்தூரி சிரித்தாள். வாத்தியார் எப்போதும் இப்படித்தான் குறுக்கே எதையாவது சொல்லிவைப்பார் என்று நினைத்துக்கொண்டாள். நாகலிங்கம் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி மடித்தார்.

“சொல்லுங்க வாத்தியாரே. இதுல என்ன குறை? நான் என்ன தப்பு பண்ணினேன்?”

“குறை என்ன சிஸ்டர். நல்ல சாமான். அப்பவே வந்திருந்தா என் இடுப்பு தப்பிச்சிருக்கும்.”

“விளையாடாதீங்க.”

“நிஜமாத்தான் சொல்றேன்.”

கஸ்தூரி அதையும் சிரித்துக் கடந்துவிட்டாள். அதற்குள் சுகிர்தா வாய் திறந்தாள். வந்ததிலிருந்து அவள் பேசியது இதுதான் முதல் தடவை.

“அதுல என் கை நடுங்கவே இல்ல அங்கிள். ஒரு தடவைகூட. அங்க மட்டும் ஏன் நடுங்குச்சு?”

நாகலிங்கம் மடித்த துண்டுகளை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, அவளுக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கு இந்த வேலை சொல்லிக்குடுத்தது எங்க மாமா. முதல்ல கையில பலூனைக் குடுத்தாரு. ஊதின பலூன். அதுமேல சோப்பு நுரையைப் பூசி, சவரக்கத்தியால நுரையை மட்டும் எடுக்கணும். பலூன் உடையக்கூடாது.”

“உடைஞ்சுதா?”

“எங்க தெருவுல தீபாவளி மாதிரி இருந்துச்சு. ரெண்டு மாசம் உடைச்சேன். அப்புறம் ஒண்ணுகூட உடையல. மாமாகிட்ட போய் நின்னேன். சரின்னாரு. அவரே வந்து நாற்காலியில உக்காந்தாரு. தலையைப் பின்னால சாய்ச்சு, தொண்டையைக் காட்டி, இப்ப எனக்குச் செய்யின்னாரு. கத்தியை எடுத்தேன். கை உதறுது. ரெண்டு மாசமா இல்லாத உதறல்.”

“ஏன்?”

“மாமா கண்ணை மூடினாரு. பலூன் கண்ணை மூடுமா சிஸ்டர்?”

கஸ்தூரிக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது. அந்த வார்டில் எழுந்து நடக்கத் தெம்பில்லாதவர்களுக்கெல்லாம் நாகலிங்கம்தான் சவரம் செய்வார். கட்டில் கட்டிலாகப் போவார். கத்தி எடுக்கிறதுக்கு முன்னால் ஒவ்வொருவர் தலையிலும் இடது கையை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அவர்கள் கண்ணை மூடிய பிறகுதான் ஆரம்பிப்பார். அவள் பலதடவை பார்த்த காட்சி அது. பார்த்ததோடு சரி, அதை இன்றுவரை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

“அந்த ஆஸ்பத்திரி இப்ப எப்படி சிஸ்டர் இருக்கு?” என்றார் நாகலிங்கம், அவள் எங்கே போய்விட்டாள் என்று தெரிந்ததுபோல.

“நம்ம வார்டை இடிச்சுட்டாங்க. மரமெல்லாம் இருக்கு.”

“மூலையில இருந்த மரம்?”

“அதுவும் இருக்கு.”

“காலையில அதுல ஒரு செம்போத்து வந்து கத்தும். ஊசி வரப்போகுதுன்னு அதுக்குத்தான் முதல்ல தெரியும்.”

அங்கே இருமலும் காய்ச்சலும் ரத்தமும் இருந்தன, மூன்றாம் நம்பர் கட்டிலும் ஒன்பதாம் நம்பர் கட்டிலும் காலியானதை இருவருமே பார்த்தார்கள். இருந்தும் அந்த நாட்கள் திரும்ப வராதா என்றுதான் கஸ்தூரிக்கு இருந்தது. இளமை கழிந்த இடம் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் மனசு அதைத்தான் கேட்கிறது.

நாகலிங்கம் எழுந்து மேஜை இழுப்பறையைத் திறந்தார். அதிலிருந்து ஒரு டாக்டர் சீட்டையும் ஒரு சின்ன அட்டைப் பெட்டியையும் எடுத்தார்.

“கால் மரத்துப்போகுதுன்னு போனேன். அஞ்சு ஊசி எழுதிக் குடுத்தாரு. ஒரு நாள் விட்டு ஒரு நாள். ரெண்டு போட்டாச்சு. மூணாவது இன்னைக்கு. தெருமுனை கிளினிக்குக்குப் போகணும், வெயிலா இருக்கு.” சுகிர்தாவைப் பார்த்தார். “சின்ன சிஸ்டர், நீங்க போட்டு விடுறீங்களா?”

சுகிர்தா பெஞ்சோடு ஒட்டிக்கொண்டாள்.

“நான் நாளைக்குப் போறேன் அங்கிள்.”

“நாளைக்குத்தானே. இன்னைக்கு இன்னும் மிச்சம் இருக்கே.”

“வலிக்கும்.”

“தொண்ணூறு ஊசி வாங்கின உடம்பு இது.”

சுகிர்தா கஸ்தூரியைப் பார்த்தாள். கஸ்தூரி சீட்டை வாங்கிப் படித்தாள். மருந்தின் பெயரையும் தேதியையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். மேல்கையில் போடுகிற ஊசி. புது சிரிஞ்சும் பெட்டியிலேயே இருந்தது. அவள் தலையசைத்தாள்.

சுகிர்தா எழுந்து வாஷ்பேசினில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். நாகலிங்கம் அவசரப்படுத்தவில்லை. சட்டையின் இடது கையைச் சுருட்டிவிட்டு, தன் சொந்த நாற்காலியில், எத்தனையோ பேரை உட்காரவைத்த நாற்காலியில், உட்கார்ந்தார். இடது கையில் வெளிச்சம் விழும்படி, கண்ணாடி வலது பக்கம் வர நாற்காலியைச் சுழற்றிக்கொண்டார்.

“கிளினிக்குல போன ஊசி வலது கையில போட்டாங்க. இன்னைக்கு இடது.”

அந்தக் குரலைக் கேட்டதும் கஸ்தூரிக்கு ஸ்டெரிலைசர் மூடி ஆடும் சத்தம் காதில் கேட்டது.

சுகிர்தா அவருக்கு இடது பக்கம் நின்றாள். சிவப்பு மருந்தை சிரிஞ்சில் ஏற்றினாள். காற்றை வெளியேற்றினாள். அதெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பஞ்சால் துடைத்தபோதே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

“பஞ்சு இன்னும் கொஞ்சம் மேல” என்றார் நாகலிங்கம்.

அவள் மேலே துடைத்தாள்.

“மூச்சை விடுங்க சிஸ்டர். நானும் விடணும்ல.”

அவள் விட்டாள். நாகலிங்கம் வழக்கம்போல முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணை மூடினார்.

அங்கே சுவர் இல்லை. சலூன் கண்ணாடி இருந்தது. சுகிர்தாவின் கண் கையிலேயே இருந்தது, அவளுக்கு வேறெதுவும் தெரியவில்லை. பின்னால் நின்ற கஸ்தூரிக்கு அந்த முகம் முழுசாகத் தெரிந்தது.

ஊசி கொஞ்சம் சாய்வாகத்தான் இறங்கியது. நடுக்கத்தில் உள்ளேயே ஒரு தடவை ஆடியது. மருந்து மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் வேகமாகப் போனது.

கண்ணாடியில் நாகலிங்கத்தின் கண்கள் இறுகின. கீழுதடு பல்லுக்குள் போனது. கழுத்து நரம்பு எழும்பியது. வலது கை நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்தன. செருப்புக்குள் கால்விரல்கள் மடங்கின. இடது கை மட்டும், சுகிர்தா பிடித்திருந்த அந்தக் கை மட்டும், துவைத்த துணிபோலத் தளர்ந்து கிடந்தது.

கஸ்தூரி ஆயிரக்கணக்கான முகங்களை அந்த நேரத்தில் பார்த்தவள். இந்த முகத்தைப் பார்த்ததில்லை. ஒரு மாதம் தினமும் இவருக்கு ஊசி போட்டிருக்கிறாள், ஒரு நாள்கூட இந்தப் பக்கம் நின்றதில்லை.

சுகிர்தா ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள். நாகலிங்கம் கொஞ்ச நேரம் பேசவில்லை. உதட்டை விடுவித்தார். நெற்றியைச் சரிசெய்தார். முகத்தில் இருந்த ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். பிறகு, திரும்பாமலே கேட்டார்.

“போட்டாச்சா சிஸ்டர்? தெரியவே இல்லையே.”

சுகிர்தா அவர் தலைக்கு மேலே பார்க்கவில்லை. குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் அது சிரித்துக்கொண்டிருந்தது.

“நிஜமாவா அங்கிள்?”

“நான் எதுக்கு உங்ககிட்ட பொய் சொல்லப்போறேன்?”

சுகிர்தாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் அதைத் துடைக்க முடியவில்லை. பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ஒரு பொட்டு ரத்தம். ஊசியை மேஜையில் வைத்துவிட்டு, வேறு பஞ்சை வைத்து மறுபடி அழுத்தினாள். யாரும் சொல்லாமலே அவள் இன்னொரு கை அவர் தோளில் போய் உட்கார்ந்தது.

“நாலாவது ஊசி என்னைக்கு?”

“வியாழக்கிழமை.”

“அன்னைக்கு வலது கையா?”

“ஆமா சிஸ்டர்.”

“காலையில வரட்டுமா?”

“கடை ஒன்பதுக்குத் திறப்பேன். எட்டரைக்கு வாங்க.”

சுகிர்தா கை கழுவினாள். முகத்தையும் கழுவினாள். கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டாள்.

“மேடம், அப்பா பஸ் ஏறுறதுக்குள்ள ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

கஸ்தூரி ஊசியை எடுத்து, கடையில் இருந்த ஒரு கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினாள். மூடியைத் தேவைக்கு மேல் திருகினாள். நிமிர்ந்து பார்க்க அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

“வலிச்சுதா வாத்தியாரே?”

“ரெண்டு நாளைக்கு இந்தக் கையைத் தூக்க முடியாது” என்று தோளைத் தேய்த்துக்கொண்டார் நாகலிங்கம். “நாளைக்கு வேற ஒரு கல்யாண மாப்பிள்ளை வர்றாரு. பாதி மீசையோட தாலி கட்டப்போறாரு.”

கஸ்தூரி சிரிக்கவில்லை. வெளியே சுகிர்தா போனில் பேசும் குரல் கேட்டது. இல்லப்பா, வர வேண்டாம்ப்பா, அப்புறம் சொல்றேன்.

“அன்னைக்கு நான் போட்டது?”

நாகலிங்கம் சட்டைக் கையை இறக்கிவிட்டார். பொத்தானைப் போட்டார்.

“எதுக்கு சிஸ்டர் இப்ப அது?”

“சொல்லுங்க.”

“எலும்புல போட்டீங்க.”

கஸ்தூரி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“ஒரு வாரம் மல்லாந்து படுக்கல. ஆயாம்மா தினம் வெந்நீர்ப் பை வச்சுவிட்டாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு வார்டு பூரா சொல்லிவச்சிருந்தேன்.”

இருபத்தெட்டு வருஷம். எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எத்தனை தடவை அந்தக் கதை. கஸ்தூரிக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்கு அடியில் வேறொன்றும் வந்தது, அதற்கு அவளுக்குப் பெயர் தெரியவில்லை. அம்மா இறந்த பிறகு ஒருநாள் பழைய பீரோவில் தன் சின்னவயசுச் சட்டையை அவர் மடித்து வைத்திருந்ததைக் கண்டபோது அப்படி இருந்தது.

“ஏன் வாத்தியாரே அப்படிச் சொன்னீங்க?”

நாகலிங்கம் வி.ஆர். கண்ணாடியை எடுத்து, துண்டின் நுனியால் ஒரு தடவை துடைத்து, அவள் பையில் பத்திரமாக வைத்தார்.

“மறுநாள் ஊசியும் நீங்கதானே சிஸ்டர் போடணும்.”